லயத்து நம்பர் போட்ட விமர்சனம்

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஒரு வாழ்த்து வந்தது. பிறந்தநாளும் இல்லை, கல்யாண நாளும் இல்லை. ஹோட்டல்களைப் பற்றி ஊரார் விமர்சனம் எழுதும் இணையத்தளம் ஒன்று அனுப்பியிருந்தது. "வாழ்த்துகள்! உங்கள் முதல் விமர்சனத்துக்கு இன்று ஒரு வயது!" மேலே பலூன் படம் வேறு. கீழே ஒரு பெட்டி. "உங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். வாசிப்பவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும்."

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி வெளியே சிந்திவிட்டது. "ஒங்க பலூன்ல தீய வைக்க" என்று வாய்விட்டே சொன்னேன். மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஆரோட அம்மா சண்டை?" என்றாள். பலூனோடு என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருசமாகிறது. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நாட்டிலிருந்து ஒரு பத்திரிகைக்காரத் தம்பி, "வெளிநாட்டு அனுபவம் எழுதுங்களேன், பனியப் பத்தி எழுதுங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். பனி வெள்ளையாக இருக்கும், வழுக்கும். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றும் இல்லை. எனக்கு எழுதத் தெரிந்தது என் கோபம் மட்டும்தான், அதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது. ரயிலில் வட்டகொடையில் இறங்கினாலும் போகலாம், ஹட்டனில் இறங்கி பஸ் எடுத்தாலும் போகலாம், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்து நம்பரும் நான் மாற்றிப் போட்டதுதான். அக்கா பெயர் வராது. மகளின் பெயரையும் போடக் கூடாது என்று மகளே உத்தரவு போட்டிருக்கிறாள். முழுதையும் அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டி, அவள் வெட்டச் சொன்னதை வெட்டிய பிறகுதான் அனுப்புகிறேன். இந்தப் புத்தி எனக்குப் போன வருசம் இல்லை.

2

மலையகத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

"எந்தத் தோட்டம்ங்க?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னால், "மேல்கணக்கா, கீழ்க்கணக்கா?" என்று அடுத்த கேள்வி. தோட்டத்துக்குள் இருக்கும் பிரிவுகளைத்தான் கணக்கு என்போம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகள் லயம், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை காம்பரா.

"மேல்கணக்குங்க."

"எத்தனாம் நம்பர் லயம்?"

"ஏழாம் நம்பர். மூனாவது காம்பரா."

"அட, ஸ்டோர்ல வேல செஞ்சாரே, ஒசரமா, அவரு மகளா நீ?"

அவ்வளவுதான். பேரைக் கேட்கவே மாட்டார்கள். கடைசி வரைக்கும் பேர் தெரியாமலே ஹட்டனில் இறங்கி, "வீட்ல கேட்டதா சொல்லு" என்று போய்விடுவார்கள். எங்களுக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். தெருப் பெயர் கிடையாது, வீட்டு இலக்கம் கிடையாது. தோட்டம், கணக்கு, லயம், காம்பரா, இதுதான் நாங்கள் யார் என்பது.

இங்கே வந்த புதிதில் ஒரு படிவத்தில் பிறந்த இடத்தின் முகவரி கேட்டிருந்தார்கள். நான் நம்முடைய முறைப்படி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தெரு எது என்றாள். தெரு இல்லை என்றேன். வீட்டு எண்? வீடு இல்லை, காம்பரா, பத்துக் காம்பராவுக்கு ஒரே கூரை என்றேன். அப்படியென்றால் அது இராணுவ முகாமா என்று கேட்டாள். இல்லையம்மா, தேயிலை, நீ குடிக்கிறாயே அது, என்றேன். அவள் 'பொருந்தாது' என்று எழுதி முத்திரை குத்தினாள். நான் பிறந்த இடம் இந்த நாட்டின் கோப்பில் இன்றைக்கும் பொருந்தாதுதான்.

அதைவிடப் பெரிய படிவம் என் மாமியார். புருசன் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணம் முடிந்த முதல் கிழமையே மாமியார் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "ஆரும் கேட்டால் கண்டி எண்டு சொல்லும் பிள்ளை. வேற விளக்கம் ஒண்டும் வேண்டாம்" என்றார். தோட்டத்திலிருந்து வந்த மருமகள் என்றால் அவருக்குக் குறைச்சல். கண்டிக்கும் எங்கள் தோட்டத்துக்கும் இடையில் எத்தனை மலை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு ஒரு விருந்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டார். நான் மாமியாரைப் பார்த்துக்கொண்டே தோட்டம், கணக்கு, லயம், காம்பரா எல்லாவற்றையும் சத்தமாக ஒப்பித்தேன். மாமியாரின் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோசம்தான். அன்றிலிருந்து யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லிவிடுவேன். மறைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றி எரியும்.

அந்தத் திமிரில்தான் கெட்டேன்.

3

போன வருசம் மகளையும் கூட்டிக்கொண்டு நாட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் தோட்டத்துப் பெரிய தொரை பங்களா இப்போது ஹோட்டல். நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பங்களாவுக்கு விறகு கொண்டு போகிற ஆளுக்குக்கூட பின்வாசல்தான். முன்பக்கத்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அங்கே இருந்த காவல்காரர் என் கையில் தடியால் தட்டியிருக்கிறார். அந்த முன்வாசலால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பது என் ஆசை. மகளுக்குச் சுடுதண்ணி வேண்டும், நல்ல கழிவறை வேண்டும் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்குத்தான் வேண்டியிருந்தது.

அக்காவிடம் போனில் சொன்னபோது, "அங்கயா? நம்ம காம்பரா இருக்கே?" என்றாள். பிறகு, "சரி வா. ரெண்டு நாள்தானே" என்றாள்.

அக்கா அந்த ஹோட்டலில்தான் அறை துப்புரவு செய்யும் வேலை செய்தாள். புருசன் செத்துப்போன பிறகு, தேயிலை மலையில் வழுக்கி விழுந்து முட்டியும் கெட்ட பிறகு, கிடைத்த வேலை அது. மழையில் நனைய வேண்டாம், அட்டைக் கடி இல்லை, ஏற்றம் இல்லை. "இந்த வேல மட்டும் இல்லாட்டி நான் படுத்திருப்பேன் புள்ள" என்று அடிக்கடி சொல்வாள்.

முதல் நாள் காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அக்கா. சீருடை, கையில் வாளி, பக்கத்தில் சூப்பர்வைசர் பெண். "குட் மார்னிங் மேடம், ரூம் கிளீன் பண்ணலாங்களா?" என்றாள். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் போனதும் கதவைச் சாத்தினோம். கட்டில் விளிம்பில், சீருடை கசங்காமல், அரை உட்காரலாக உட்கார்ந்தாள். அறையிலிருந்த கேத்தலில் நான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நாங்கள் பிறந்து வளர்ந்த இடத்தில், எங்கள் அம்மா பறித்த மலையிலிருந்து வந்த தேயிலையை, அந்தப் பங்களாக் கோப்பையில் அக்கா குடித்தாள்.

அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னாள். வேலைக்காரர்கள் அந்தக் கட்டடத்தில் ஒரு கழிவறையையும் தொடக் கூடாதாம். அவசரம் என்றால் படி இறங்கி லயத்துக்கு ஓட வேண்டும். "கழுவுறது நாங்க. உக்கார்றதுக்கு எங்களுக்கு அனுமதி இல்ல" என்றாள். பிறகு, தினமும் மத்தியானத்துக்குப் பிறகு விருந்தாளிகளை லயத்துப் பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு வருவார்களாம், எங்கள் வாழ்க்கையைக் காட்ட.

"அன்னிக்கு ஒரு வெள்ளக்காரம்மா நேரா நம்ம அடுப்படிக்கே வந்துருச்சு. நான் தலைக்கு ஊத்திட்டு பாவாடையோட நிக்கிறேன். பாத்துட்டு, 'நைஸ்'னுட்டு போகுது!"

"நீ என்னா சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? 'தேங்க்யூ'ன்னேன்."

இரண்டு பேரும் தலையணையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் அக்கா எழுந்து படுக்கையை இழுத்து விரித்து, கோப்பையைக் கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மகள் தன் போனில் மூன்று வரி விமர்சனம் போட்டாள். குளியலறை நல்லது, இணையம் மெதுவு, காலைச் சாப்பாடு பரவாயில்லை. பெயருக்குப் பதில் ஏதோ பூனைக்குட்டி என்று போட்டுப் பூனைப் படமும் வைத்திருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "ஒங்க அம்மா பொறந்த எடம்டி அது. இணையம் மெதுவுன்னு எழுதுறியே, வெக்கமா இல்ல?" என்றேன். "ஹோட்டலைப் பற்றித்தானே அம்மா கேக்கினம், உங்களைப் பற்றிக் கேக்கேல்லையே" என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினேன். ஐந்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். கழிவறைக் கதையை எழுதினேன், லயம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகும் கதையை எழுதினேன். அக்கா சொன்னாள் என்று எழுதவில்லை. அவ்வளவு மடச்சி இல்லை நான். 'அங்கே வேலை செய்யும் ஒருவர் சொன்னார்' என்று மட்டும் எழுதினேன். பேர் எங்கேயும் போடவில்லை.

கடைசியில் 'உங்களைப் பற்றி' என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் பஸ்ஸில் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல எழுதினேன். இதே தோட்டத்தில் மேல்கணக்கு ஏழாம் லயம் மூன்றாவது காம்பராவில் பிறந்தவள், என் குடும்பம் இன்றும் அதே காம்பராவில் இருக்கிறது, என்று. எழுதி முடித்து நிமிர்ந்தபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

4

அந்த வாரம் முடிவதற்குள் ஹோட்டலின் பதில் என் விமர்சனத்துக்குக் கீழே வந்தது. தேனில் தோய்த்த ஆங்கிலம். எங்கள் தோட்டத்தின் மகள் ஒருவர் விருந்தாளியாக வந்தது எங்களுக்குப் பெருமை. உங்கள் கருத்துகளை மிகவும் மதிக்கிறோம். பிறகு இந்த வரி: 'உங்கள் அக்காவுடன் நேரில் பேசினோம். தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொன்னார்.'

எனக்கு அக்கா இருக்கிறாள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சலவைக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் கையை ஊன்றிக்கொண்டு அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மறுநாள் இங்கே காலை, அங்கே வேலை முடிந்த நேரம், அக்காவே கூப்பிட்டாள். வழக்கமான 'சாப்ட்டியா' இல்லை.

"நீ என்னாத்த எழுதின?"

"ஹோட்டலப் பத்தி எழுதினேன்க்கா."

"எம் பேரப் போட்டியா?"

"இல்லக்கா. சத்தியமா போடல."

"லயத்து நம்பரப் போட்டியா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"காம்பரா?"

"போட்டேன்."

"அப்பறம் பேரு எதுக்குடி? இந்தத் தோட்டத்துல எம் பேருல ஆறு பேரு இருக்காளுங்க. மூனாவது காம்பராவுலேர்ந்து ஹோட்டலுக்கு வேலைக்குப் போறவ நான் ஒருத்திதானே!"



ஹோட்டல் மெனேஜர் கொழும்பிலிருந்து வந்த சின்ன வயசுக்காரர். விமர்சனத்தைத் தாளில் அச்சடித்து மேசையில் வைத்திருந்தாராம். லயத்து நம்பருக்குக் கீழே சிவப்புக் கோடு. "அவரு ஏசவே இல்ல" என்றாள் அக்கா. "கதிர போட்டு உக்காரச் சொன்னாரு. இத்தன வருசத்துல என்னைய யாரும் அந்த ஆபீஸ்ல உக்காரச் சொன்னதில்ல."

"என்னா சொன்னாரு?"

"நாங்க எல்லாம் ஒரே குடும்பம்னாரு. குடும்பத்து வெசயத்த வெளிய சொல்லலாமான்னாரு. நான் தலைய ஆட்டுனேன். நாளைலேர்ந்து ரூமுக்குப் போக வேணாம், கேட்டுக்கிட்ட கூடையோட நில்லுங்கன்னாரு."

அந்த ஹோட்டலின் கேட்டுக்கருகே நாலு வரிசை தேயிலைச் செடி வளர்த்திருக்கிறார்கள், படம் பிடிப்பதற்கென்றே. அதில் ஒரு பெண்ணைப் பளபளக்கும் சேலை கட்டி, இடுப்பில் புதுப் படங்குச் சாக்கு சுற்றி, முதுகில் கூடையோடு நிறுத்தியிருப்பார்கள். காலையிலிருந்து சாயந்தரம் வரை நிற்க வேண்டும். வருகிறவர்களுக்குச் சிரிக்க வேண்டும். கெட்ட முட்டியோடு அதில் என் அக்காவை நிறுத்தினார்கள்.

"மலையில கூட நான் இப்பிடி நின்னதில்ல" என்றாள். "அங்க நடந்துக்கிட்டாவது இருப்பேன். ஒன் தங்கச்சி அத எடுத்துட்டா பழையபடி பாத்துக்கலாம்னு சொல்றாரு. எடுத்துருடி. ஒனக்கு கும்புடு போடுறேன், எடுத்துரு."

என் அக்கா என்னைக் கும்பிட்டாள். அதை எந்தப் பெட்டியில் எழுதுவது?

5

உடனே அழிக்கப் போனேன். அழிக்க முடியவில்லை.

'இந்த விமர்சனம் விசாரணையில் உள்ளது. முடியும்வரை மாற்றவோ நீக்கவோ இயலாது' என்று வந்தது. ஹோட்டல் முறைப்பாடு செய்திருக்கிறது: எழுதியவளுக்கு அங்கே வேலை செய்யும் உறவினர் இருக்கிறார், ஆகவே இது நடுநிலையான விமர்சனம் இல்லை, என்று. பாருங்கள் கெட்டித்தனத்தை! அங்கே அக்காவிடம் அழிக்கச் சொல்லு என்கிறார்கள், இங்கே அழிக்க முடியாதபடி பூட்டுகிறார்கள். ஆளுக்கொரு அலுவலகம், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது போலிருக்கிறது. நசுங்குவது மட்டும் நாங்கள்.

விசாரணை முடிய என்ன வேண்டும்? என் அடையாள அட்டையின் படம். தங்கியதற்கு ஆதாரம். அந்த ஹோட்டலில் வேலை செய்யும் என் உறவினர்களின் முழுப்பெயர், முறை, செய்யும் வேலை. கொஞ்சம் சொன்னதற்கே இந்தக் கதி, அதிலிருந்து தப்ப வேண்டுமென்றால் மிச்சத்தையும் சொல்ல வேண்டுமாம். அரட்டைப் பெட்டியில் ஏதோ ஒன்று, மனுசனோ இயந்திரமோ, 'உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது' என்று நான் எதை எழுதினாலும் பதில் போட்டது. "புரிஞ்சு கிழிச்ச" என்று தமிழில் எழுதினேன். அதற்கும் புரிகிறது என்றது.

புருசன் சோற்றுத் தட்டோடு பின்னால் வந்து நின்று, "உமக்கேன் இந்த வேலை? கண்டி எண்டு போட்டிருந்தால் முடிஞ்சுதே" என்றார். அன்றைக்கு அவருக்கு மீன் குழம்பு ஊற்றவில்லை.

ஆத்திரத்தில் மற்றவர்களின் விமர்சனங்களை உட்கார்ந்து வாசித்தேன். ஐயோ, ஆட்கள் எழுதுவதை! தலையணை கடினம் என்று சொல்வதற்கு முன், தனக்கு விவாகரத்தானது, புதுக் காதலன் குறட்டை விடுவது, சின்ன மகனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாதது, எல்லாம் வருகிறது. உன் காதலனின் குறட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இன்னொரு பக்கம் என் மகளைப்போல் பூனைகள். யார் என்று தெரியாது, எங்கிருந்து என்று தெரியாது, மூன்று வரி.

அதைச் சொல்லித்தான் மகளோடு சண்டை பிடித்தேன். "யாரு சொல்றாங்கன்னு தெரியாம ஒரு பேச்ச எப்பிடிடி நம்புறது? நான் அந்த லயத்துல பொறந்தவ. அதனாலதான் எனக்கு அந்தக் கழிவறைக் கதை வலிக்குது. அத மறைச்சிட்டு எழுதினா அது வெறும் மொறைப்பாடு. என்னைப் பத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

மகளுக்குத் தமிழ் அரைகுறை. இங்கே பிறந்தவள், அப்பா வீட்டுப் பேச்சு. சொல்லைத் தேடித் தேடிப் பேசுவாள். "அது உங்கட இல்லை அம்மா" என்றாள். "அந்த நம்பர் பெரியம்மாட. நீங்கள் அங்க இல்லை, இங்க இருக்கிறீங்கள். பெரியம்மாட்டக் கேட்டனீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால். கதவை அடித்துச் சாத்திவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். விமர்சனம் எழுதுகிறவர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டால், தனக்கு மட்டும் வலிக்கக்கூடியதை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் லயத்தில் பிறந்தவளுக்கு அப்படி ஒன்று இருக்கிறதா? பத்துக் காம்பராவுக்கு ஒரே கூரை. நாங்கள் கருவாடு பொரித்தால் பத்தாவது காம்பராவில் தும்முவார்கள். அங்கே என்னுடையது என்று நான் எதைத் தொட்டாலும் அது அக்காவுடையதாகவும் இருந்தது. நான் கடல் தாண்டி வந்துவிட்டேன், என்னை எந்த மெனேஜராலும் கூடையோடு நிறுத்த முடியாது. அந்தத் துணிச்சலில் அவள் கதவு நம்பரை எடுத்து என் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன்.

உறவினர் பெயர் கேட்ட படிவத்தை நிரப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மாதக்கணக்கில் இழுத்துவிட்டு, தாங்களாகவே விசாரணையை முடித்தார்கள். 'எழுதியவருக்கு இந்த நிறுவனத்துடன் தனிப்பட்ட தொடர்பு உண்டு' என்று ஒரு பட்டியை என் விமர்சனத்தின் மேல் ஒட்டி, என் ஒற்றை நட்சத்திரம் கணக்கில் சேராது என்றார்கள். பூட்டைத் திறந்தார்கள். நான் அந்த நிமிசமே அழித்தேன்.

அக்காவைக் கூப்பிட்டு, "எடுத்துட்டேன்க்கா" என்றேன்.

"சரி."

"மெனேஜர்கிட்ட சொல்லு. பாத்துக்கலாம்னாரே."

"சொல்லிட்டுத்தான் இருக்கேன். அவரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. ரூமுக்கு வேற புள்ளைய போட்டாச்சு."

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அக்கா மழையைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

6

ஆக, நான் அழித்துவிட்ட விமர்சனத்துக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை பலூன் கட்டி முதலாம் பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறார்கள். அந்த எரிச்சலில், பல மாதத்துக்குப் பிறகு அந்த ஹோட்டலின் பக்கத்தைத் திறந்தேன்.

மேலேயே அக்கா.

பளபளக்கும் சேலை, கூடை, சிரிப்பு. உடம்பின் பாரத்தை நல்ல காலில் போட்டு ஒருச்சாய்ந்து நிற்கிறாள், அதைப் பார்த்தால் முட்டி வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். படத்துக்குக் கீழே ஐந்து நட்சத்திரம். எழுதியவர் பெயர் 'பயணப் பறவை'. அவர் முகத்துக்குப் பதில் சூரியன் மறைகிற படம்.

பறவையார் தாராளமாக எழுதியிருந்தார். என் அக்காவின் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். வயது. புருசன் எப்படிச் செத்தார் என்பது. மகன் கொழும்பில் கடையில் நிற்பது. மகள் உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டு இரண்டாம் தடவை எழுதுவது. லயத்து நம்பர். மூன்றாவது காம்பரா. 'அவருடைய எளிய இல்லத்துக்குள்ளும் போய்ப் பார்த்தோம். முழங்கால் வலியோடும் மாறாத புன்னகை. மனதைத் தொட்டுவிட்டது.' கீழே ஹோட்டல் நன்றி சொல்லியிருந்தது. இதய வடிவம் ஒன்றும் போட்டிருந்தது.

பறவையாரைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடினேன். ஊர் இல்லை. நாடு இல்லை. ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. இவரிடம் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. இவர்மேல் யாரும் பட்டி ஒட்டவில்லை. இவர் நடுநிலையானவர்! தூ!

அங்கே சாயந்தரம் தாண்டியிருக்கும். அக்காவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே எடுத்தாள்.

"அக்கா, ஒன் படத்த போட்டு ஒருத்தன்..."

"தெரியும். சூப்பர்வைசர் போன வாரமே காட்டுனா. ரொம்ப சந்தோசமா காட்டுனா, ஒன் பேரு ஒலகம் பூரா போயிருச்சுன்னு."

"நீ என்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. புருசன் செத்தது முழுசா எழுதியிருக்குன்னு வாசிச்சு சொன்னா. மகள் பெயிலானதும் இருக்குன்னா. கூடைய எறக்கி அந்தச் செடி மேலயே வச்சிட்டு, சேலைய மாத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநா காலையில வேலைக்கு ஆளெடுக்குற பெரட்டுக்குப் போயி மலைக்குப் பேரு குடுத்துட்டேன். இப்பத்தான் கொழுந்து நிறுத்துட்டு வாறேன்."

"அக்கா, முட்டி..."

"வலிக்குதுதான். அங்க யாரும் சிரிக்கச் சொல்லல."

அக்காவே கேட்டாள்.

"அந்தாளு யாருடி? எந்த ஊரு?"

"ஒன்னுமே போடலக்கா. பேரு கூட இல்ல."

"எங்கிட்ட எல்லாத்தையும் கேட்டாரு. கூட வந்த பையன் தமிழ்ல கேட்டுக் கேட்டு சொன்னான். எத்தன புள்ள, வீட்டுக்காரரு எங்க, எந்த லயம்னு. பஸ்ல கேக்குற மாதிரியே கேட்டாரு. நானும் வெள்ளந்தியா சொல்லிட்டேன். நீங்க எந்த ஊருன்னு நான் ஒரு வார்த்த கேக்கல பாரு." கூடையை இறக்கி வைத்தாள் போலிருந்தது. "நீயும் ரெண்டு நாள் ரூம் எடுத்து தங்கின. அந்தாளும் ரெண்டு நாள் தங்கினாரு. ரெண்டு பேரும் போயி என்னையத்தான் எழுதுனீங்க."

அந்த ஆளையும் என்னையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டாள். சண்டை போட வாயெடுத்தேன். நான் நல்லதுக்குத்தான் எழுதினேன், அவன் பொழுதுபோக்குக்கு எழுதினான் என்று சொல்ல வந்தேன். ஆனால் கட்டிலின் விளிம்பில், சீருடை கசங்காமல், அரை உட்காரலாக உட்கார்ந்திருந்த அக்காதான் கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

"நான் இப்ப என்னாக்கா செய்யட்டும்? சொல்லு, எது வேணும்னாலும் செய்றேன்."

"ஒன்னும் செய்ய வேணாம்" என்றாள். அடுப்பில் எதையோ ஊதுகிற சத்தம் கேட்டது. "அடுத்த தடவ வந்தா எங் காம்பராவுல வந்து படு. அது எப்பிடி இருந்துச்சுன்னு எங்கயும் எழுதாத."